கை மடங்க எத்தனை நிமிஷம்

கோமதிக்கு அம்மா எழுதுவது.

'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பித்துத்தான் உனக்கு எழுதிப் பழக்கம். நீ கல்யாணமாகித் திருச்சிக்குப் போன நாளிலிருந்து ஒரு கடிதத்திலும் அந்த வரியை நான் விட்டதில்லை. இந்தத் தடவையும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வலியால் இல்லை. அந்தப் பொய்யை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. அனைவரும் என்று சொல்ல அம்பாசமுத்திரத்து வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். நானும் நலமில்லை, திருச்சியில் நீயும் நலமில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும், தெரிந்துகொண்டே கடிதத்துக்குக் கடிதம் நலம் நலம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எழுத்து கிறுக்கலாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. பேனாவில் உன் அப்பாவின் பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தடிமனாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுப் பிடித்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல்தான் விரல் பேனாவுக்கு இணங்குகிறது, பத்து வரி எழுதினால் ஓய்கிறது. இதை முடிக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சொர்ணம் வந்து பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இந்தப் பாடு? நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றாள். "நீ எழுதுனா முத்து முத்தா இருக்கும்ட்டி. அத அவ நம்ப மாட்டா" என்றேன். இந்தக் கிறுக்கலையாவது நீ நம்பவேண்டும். படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. மாப்பிள்ளையும் படிக்கட்டும், உன் மாமியார் கேட்டால் அவர்கள் கையிலும் கொடு.

ஆடியில் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாயே, அந்தப் பத்து நாளும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலையில் காப்பி கொடுத்தேன். டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாய். வெளியே சாரல் அடித்தது, குளிருக்கு இதமாக இருக்கிறதாக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு குழாயை விரலால் திருகாமல் மணிக்கட்டால் தள்ளித் திறந்தாய். பிள்ளை பாயில் கிடந்து அழுதான், அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் முழங்கையை உள்ளே கொடுத்து அள்ளினாய். அடிப் பாவி மகளே, இந்த வித்தை எல்லாம் நான் கண்டுபிடித்தது. என்னிடமே செய்து காட்டிவிட்டு எனக்குத் தெரியாது என்று நினைத்தாயே.

மூன்றாம் நாள் கேட்டேன். "கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. பய தூங்க விட மாட்டேங்கான், அசதி."

"அசதி வெரலுக்கு மட்டும் வருமாட்டி?"

நீ வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பைய சொன்னாய். "டாக்டரப் பாத்தாச்சும்மா, ரத்தமும் குடுத்தாச்சு. ஒனக்கு உள்ளதுதான். பிள்ள பெத்ததுக்கு அப்புறம் சில பேருக்கு வருமாம். இப்பம் கட்டுக்குள்ள இருக்குன்னுட்டாரு."

"காலையில எந்திச்சா கை மடங்க எத்தன நிமிசம் ஆவுதுன்னு கேட்டிருப்பாரே. என்ன சொன்ன?"

"அஞ்சு நிமிசம்னேன்."

"மெய்யா எவ்வளவு?"

"விடும்மா." எழுந்து போகும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாய்: "அத்தைக்கு மட்டும் தெரிஞ்சிரப்பிடாது. ஒங்கம்மைக்கு இருந்தத மறச்சுல்லா கட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க."

அன்றைக்கு நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். மறுநாள் பிள்ளைக்கு உள்சட்டை எடுக்க உன் பையைத் திறந்தேன். துணிக்கு அடியில் ஒரு அட்டை மாத்திரை இருந்தது. சின்னதாக, வெள்ளையாக. பெயரைப் படிக்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அந்த மாத்திரையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். பையை மூடி வைத்துவிட்டேன். நீ ரயிலேறுகிறவரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். கேட்டால் 'நீ மட்டும் யோக்கியமா' என்று நீ திருப்பிக் கேட்பாய் என்ற பயம். நீ கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். யோக்கியம் இல்லை.

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு இது ஆரம்பித்தது. காலை ரயிலைப் பிடிக்க நீ சீப்பும் ரிப்பனுமாக வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவாய். ஒரு நாள் உன் தலைமுடியை மூன்று காலாகப் பிரித்தேன், மூன்றையும் சேர்த்துப் பிடிக்க விரல் மூடவில்லை. சீப்பைக் கீழே போட்டுவிட்டு, "எருமக் கணக்கா வளந்தாச்சு, இன்னும் ஒனக்கு அம்மை பின்னி விடணுமாக்கும், போட்டி" என்று கத்தினேன். நீ ரிப்பனை எடுத்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து என்னிடம் தலையைக் கொடுக்கவே இல்லை. கல்யாணத்தன்றுகூடச் சொர்ணம்தான் உனக்குச் சடை வைத்துப் பின்னினாள். நீ என்மேல் கோபமாக இருந்தாய் என்பது எனக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளை வளர்ந்தால் அம்மாவுக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று உன் சிநேகிதியிடம் நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்குக் கை வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, இத்தனை வருஷமும் சொல்லவில்லை. உன் தலையைத் தொடவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

அப்புறம் பாளையங்கோட்டை டாக்டரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசுவார். இது வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் இல்லை, உடம்பு தன் மூட்டைத் தானே அரிக்கிற வாதம், விட்டுவிட்டால் விரலைக் கோணலாக்கிவிடும், சரியாகக் கவனித்தால் அடக்கி வைக்கலாம் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்தார். அது ஈரலைப் படுத்துகிறதா, ரத்தம் குறைகிறதா என்று அடிக்கடி சோதனை செய்யவேண்டும் என்றார். "மாத்திர கேக்குதா இல்லையான்னு எனக்கு நீங்கதாம்மா சொல்லணும். வலிய மட்டும் வச்சு இத எட போட முடியாது. காலையில எந்திச்சதும் கை மடங்க எத்தன நிமிசம் ஆவுது, எந்த மூட்டு வீங்கியிருக்கு, இது ரெண்டையும் தெனமும் எழுதிட்டு வாங்க. அதப் பாத்துத்தான் நான் மாத்திரையக் கூட்டணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்." அப்பாவுக்கு அது போதும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நீளமான நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டுவிட்டார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது. அணைக்கட்டில் ஆற்றுத் தண்ணீரின் அளவைக் குறிக்கிற சர்க்கார் வேலை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அடிக்கணக்குப் பெயிண்டு அடித்த கல்லுக்குப் பக்கத்தில் படியிறங்கி நின்று பார்த்துத்தான் எழுதுவார். மழையோ வெயிலோ, காய்ச்சலோ தலைவலியோ, ஒரு நாள் தப்பியதில்லை. கூட வேலை பார்த்த ஒரு ஆள் ஐப்பசி மழையில் வீட்டிலிருந்தபடியே நேற்றைய கணக்கோடு அரை அடி கூட்டி எழுதிவிட்டான். அவனை நம் வீட்டு வாசலில் வைத்தே அப்பா வைத வசவு உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? பாக்காம எழுதுத நம்பரு ஊரையே முக்கிரும்லே. எழுதாம விட்டாக்கூட, ஐயையோ நம்பரு வரலியேன்னு நாலு பேரு தேடுவான். பொய் நம்பரு இருந்தா எல்லாவனும் நிம்மதியா படுத்துத் தூங்குவானே." நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் அவரிடம் பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு எனக்குக் கை மடங்க இரண்டு மணி நேரம் ஆனது.

எங்கள் இரண்டு பேர் வழக்கம் அப்படி இருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு அடுப்படி நிலையில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "எத்தன நிமிசம்?" நான் திரும்பாமல் "பத்து" என்பேன். "வீக்கம்?" "ஒண்ணுமில்ல." எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார். வளர்ந்த பெண் இருக்கிற வீட்டில் பகலில் பெண்டாட்டி கையைப் பிடித்துப் பார்க்கிற மனுஷன் நம் பக்கத்தில் உண்டா? கேட்டால் வெட்கக்கேடு என்பார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வருஷக்கணக்காக அந்த நோட்டை நிரப்பினேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து உன்னைப் பார்க்க வந்த முதல் இடத்துப் பொம்பளைகளில் ஒருத்தி என் விரலைப் பார்த்துவிட்டு, "கையில என்ன வீக்கம்? பரம்பரையா வருமோ?" என்று கேட்டாள். சுளுக்கு என்றேன். ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பார்த்து, பொருந்தி, அதற்குப் பிறகுதான் வீட்டுக்கே வந்தார்கள். அன்றைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போனது. என் சீக்கு உன் கழுத்தில் தாலி ஏறவிடாமல் செய்துவிடும் என்று நினைத்தேன். வியாதி ஏறுகிறது என்று டாக்டரிடம் சொன்னால் மாத்திரை கூடும், மாதம் நாலு தடவை பாளையங்கோட்டைக்கு அலையவேண்டும், ஊருக்கே தெரியும். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அமுங்கிவிடும். அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் அவர் பொய் எழுதமாட்டார், எழுதத் தெரியாது. அதனால் அவருக்கும் சேர்த்துப் பொய் சொன்னேன்.

டாக்டரிடம் நேரில் போகும்போது கை காட்டவேண்டுமே, அதற்குத்தான் அந்த வெள்ளை மாத்திரை. வீக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்கிற ஸ்டீராய்டு அது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். முழங்காலுக்கு என்று யாரோ வாங்கித் தின்றதைக் கேள்விப்பட்டு, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கினேன். டாக்டரைப் பார்க்கப் போகிறதுக்கு நாலு நாள் முன்னால் ஆரம்பிப்பேன். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்துவிடும், விரல் சொன்னபடி கேட்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அதிலும் நல்லபடியாக வரும். டாக்டர் நோட்டைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், ரத்தச் சீட்டைப் பார்ப்பார். மூன்றும் ஒன்றையே சொல்லும். "நல்லா கட்டுக்குள்ள இருக்கும்மா. இதே அளவு மாத்திர போதும்" என்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். ஊருக்கு வந்து மாத்திரையை நிறுத்துவேன், மறுபடியும் கை கல்லாகிவிடும். ஆனாலும் அப்பாவின் அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னும் ஒரு பத்து தடவை பொய் சொல்லலாம் என்று இந்தக் கூறுகெட்டவளுக்குத் தோன்றியது.

உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே நான் அந்த மாத்திரையைத் தினமும் தின்றேன். தாரை வார்க்கும்போது உன் கையை அப்பா மாப்பிள்ளை கையில் வைப்பார், மேலே தண்ணீர் விடுகிறது பெற்றவள் வேலை. அந்த வெள்ளிக் கெண்டியை நான் பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பிடித்தேன். சிந்தாமல் சிதறாமல் தண்ணீர் விட்டேன். மண்டபத்தில் அப்பா என் காதருகே குனிந்து, "பாத்தியா, கை எப்பிடி நிக்கி! அந்த நோட்டுதான் ஒன்னக் காப்பாத்திச்சு" என்றார். போட்டோவில் நான் அழுதுகொண்டிருப்பேன். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் சொன்னார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

உன்னைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்த கையோடு மாத்திரையை நிறுத்தினேன். இனி எதற்கு என்று நினைத்தேன். நாலாம் நாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் ஒரேயடியாக வீங்கி, போர்வை பட்டால்கூட அலறினேன். அப்பா பதறிப்போய்ச் சொர்ணத்தைக் கூப்பிட்டு, எனக்குக் கஞ்சி வைக்க அரிசி எடுக்கப் போனார். அரிசிப் பானைக்குள் ஏழெட்டுக் காலி அட்டைகள் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வைவார் என்று எதிர்பார்த்தேன், அன்றைக்கு அவர் வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பத்து, பத்து, பன்னிரண்டு, பத்து. எல்லாம் அவருடைய அழகான கையெழுத்து. நோட்டை மூடிவிட்டு, "ஆத்துல தண்ணி எத்தன அடின்னு தெனமும் படியெறங்கி நின்னு பாத்தேன். வீட்டுல இருக்கவ கைய ஒரு நாளாச்சும் புடிச்சுப் பாத்தேனா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், கோமதி.

டாக்டர் இரண்டு கையையும் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பின் ஓரம் எல்லாம் அரித்திருந்தது. அவருக்கும் கோபம், யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "நீங்க உண்மையச் சொல்லியிருந்தா மூணு வருசத்துக்கு முன்னாலயே மாத்திரையக் கூட்டியிருப்பேனேம்மா. இனிமே அடக்கிரலாம். ஆனா போனது போனதுதான், திரும்ப வராது" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. மாத்திரையைக் கூட்டி, கூட இன்னொன்று சேர்த்து, ஏழெட்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. இப்போது எனக்கு வியாதி மெய்யாகவே கட்டுக்குள் இருக்கிறது. கோணிய விரல் கோணினபடியே இருக்கிறது. அடக்கின நேரத்தில் காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு அப்பா இருந்தது பதினோரு மாதம். நெஞ்சு வலி வந்து போனதுதான் உனக்குத் தெரியும். அந்தப் பதினோரு மாதம் எங்கள் வீட்டில் எப்படி விடிந்தது என்று உனக்குத் தெரியாது. காலையில் அவர் அடுப்படி நிலையில் நிற்கிறதை விட்டுவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைத் தரையில் வைத்து, தன் கட்டைவிரலை என் உள்ளங்கையில் வைப்பார். "புடி." அந்தக் கட்டைவிரலைச் சுற்றி என்னால் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூடும்வரைக்கும் அசையமாட்டார். ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்ப்பார். பிறகு எழுதுவார். நூற்றெழுபது நிமிஷம். நூற்றைம்பது. நூற்றிருபது. சொர்ணம் ஒரு நாள் திடீரென்று உள்ளே வந்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டு ஓடினாள். அவர் கையை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் குடித்தனத்தில் அந்தப் பதினோரு மாதம்தான் அவர் என் கையைப் பிடித்தார். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் பிடித்திருப்பார் என்று நினைக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. கை போனதற்கு நான் அழுதது கொஞ்சம்தான், இதற்கு அழுவது இன்னும் தீரவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். வலி இல்லை என்றால் அடங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வலி மாத்திரை வலியைத்தான் அமர்த்தும், உள்ளே அரிக்கிறதை அது நிறுத்தாது. இரண்டு நாள் நன்றாக இருந்தால் டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதே. உன் பையிலிருக்கிற வெள்ளை மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல், எத்தனை நாளாகத் தின்கிறாய் என்பதையும் சொல். என்னைப்போல் பொசுக்கென்று நிறுத்தித் தொலைக்காதே, அவர் சொல்கிறபடி பையப் பையக் குறை. ரத்தச் சோதனையைத் தள்ளிப் போடாதே, கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடு. இரண்டாவது பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடு, அதைப் பொறுத்து மாத்திரையே மாறுமாம். உனக்கு இது ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன் விரல் இன்னும் நேராக இருக்கிறது, பத்து நாளும் அதை நான் எண்ணி எண்ணிப் பார்த்தேன். இந்த நேரத்தில் பிடித்தால் பிடித்ததுதான் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். எனக்கு அந்த நேரம் இருந்தது, நான் அதைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பொய் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

அத்தைக்குத் தெரியக்கூடாது என்றாயே, அந்தக் கவலையும் இனி உனக்கு வேண்டாம். முந்தாநாள் உன் மாமியாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். 'மதினி, கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு இந்த வாதம் இருந்தது. மறைத்தது நான். அது எவ்வளவு முற்றியிருந்தது என்று என் பெண்ணுக்கும் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. இப்போது அவளுக்கும் வந்திருக்கிறது. வைய வேண்டுமானால் ஊருக்கு வந்து என் முகத்துக்கு நேரே வையுங்கள். அவளை மட்டும் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல விடுங்கள்' என்று எழுதியிருக்கிறேன். நீ இந்த வரியைப் படிக்கும்போது பல்லைக் கடிப்பாய். 'இந்த அம்மை என் குடியைக் கெடுத்தாளே' என்பாய். சொல்லிக்கொள். அவர்கள் நாலு நாள் பேசமாட்டார்கள், நாலு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளையும் என்மேல் கோபப்படலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. என்னை ஏமாற்றுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லட்டும். நீ ஒளிந்துகொள்ள இனி என் பொய் இல்லை, அது போதும் எனக்கு.

இந்தக் கடிதத்தோடு அப்பாவின் நோட்டையும் அனுப்புகிறேன். முன்பாதியைப் படிக்காதே, அது அத்தனையும் என் பொய். பின்பாதியைப் படி, அப்பா என் கையைப் பிடித்து எழுதியது அது. அவர் போன பிறகு சொர்ணம் பிடித்துப் பார்த்து எழுதுகிறாள். கடைசியாக இன்று காலை எழுதிய வரி: 'நாற்பது நிமிஷம். வலது மணிக்கட்டு லேசாக வீக்கம்.' அதற்குக் கீழே பாதி நோட்டு காலியாக இருக்கிறது. இனி எனக்குச் சொர்ணம் வேறு நோட்டு வாங்கிக்கொள்வாள், இது உனக்கு.

நாளைக் காலையில் எழுந்ததும் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல். கடிகாரத்தைத் தரையில் வைக்கச் சொல். அவர் கட்டைவிரலை உன் உள்ளங்கையில் வாங்கிக்கொள். அது முழுசாக மூடுகிறவரைக்கும் எத்தனை நிமிஷம் ஆனாலும் இரண்டு பேரும் எழுந்திருக்காதீர்கள். பிறகு அவரையே எழுதச் சொல். நீ சொல்லி எழுத வேண்டாம்.

அம்மா